மெயினுக்கு வெளியே எழுதிய வரிகள்

தம்பி,

பதினோரு நாளில் தாலி கட்டப் போகிறவனுக்கு அம்மா எழுதுகிற கடிதம் வேறு மாதிரி இருக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். பட்டுவேட்டி அளவு சரியாக இருக்கிறதா, ஆபீஸில் லீவு சொல்லிவிட்டாயா என்று நாலு வரி கேட்டு, பத்திரமாக வந்து சேர் என்று முடித்திருக்கலாம். ஆனால் நேற்று உசிலம்பட்டிக்குப் பத்திரிகை வைக்கப் போன இடத்தில் ஒருவர் கேட்ட கேள்வி என்னை உட்கார விடவில்லை. இன்று காலை பத்து மணிக்கு நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். அதன் விளைவு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இது ஒளித்துப் படிக்க வேண்டிய கடிதம் இல்லை. சொந்தக்காரர் யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும். ஒரு புருஷன் பெண்டாட்டியின் பெயரை மட்டும் மாற்றி எழுதியிருக்கிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன், இல்லாவிட்டால் எனக்கே கோர்வை வராது. பாலிடெக்னிக் கம்ப்யூட்டர் லேபில் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சி என்கிற கம்ப்யூட்டர் மொழிதான் சொல்லிக் கொடுத்தேன். ஃபங்ஷன் என்றால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்து தரும் வரிக்கட்டு; சி மொழியில் மெயின் என்கிற ஃபங்ஷன் இல்லாமல் எதுவும் ஓடாது. "மெயின் எங்கடா? மெயின் இல்லாம எங்கிட்டுடா ஓடும்?" என்று நான் கத்தாத வகுப்பு கிடையாது. எனக்குப் பின்னால் பிள்ளைகள் 'மெயின் மேடம்' என்று கூப்பிட்டதும் எனக்குத் தெரியும். பிறகு பைத்தான் என்கிற மொழி வந்தது. அதில் மெயின் கட்டாயம் இல்லை. முதல் வரியிலிருந்து நேராக எழுதிக்கொண்டே போகலாம், அதுபாட்டுக்கு மேலிருந்து கீழே ஓடும். அப்பாடா, விட்டது சனியன் என்று இருந்தது எனக்கு. ரத்தம் கொடுப்பவர்களுக்குச் செய்தி அனுப்ப நான் எழுதினேனே, 'அழைப்பு' என்ற ஃபைல், அதை அப்படித்தான் எழுதினேன். மேலே எந்த வகை ரத்தம், எந்த ஆஸ்பத்திரி என்று இரண்டு வரி; நடுவில் பட்டியலைத் திறந்து அந்த வகைக்காரர்களைப் பொறுக்குவது; கீழே ஒவ்வொருவருக்கும் குறுஞ்செய்தி அனுப்புவது. ஓ நெகட்டிவ் வேண்டும் என்று யாராவது கேட்டால் மேலே இருக்கிற இரண்டு வரியை மாற்றி ஓட்டிவிடுவேன். அதில் ஒரே ஒரு ஃபங்ஷன் உண்டு, போன் நம்பரிலிருந்து பிளஸ் தொண்ணூற்றொன்று, இடைவெளி, முன்னால் வரும் பூஜ்யம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பத்து இலக்கம் மட்டும் திருப்பித் தருவது. அதை எழுதிக் கொடுத்தது நீ. இதை ஞாபகம் வைத்துக்கொள்.

அந்த ஃபைலைப் பார்த்துவிட்டு பெங்களூரிலிருந்து நீ போன் செய்தாய். "அம்மா, அம்புட்டையும் தனித்தனி ஃபங்ஷனாக்கி ஒரு மெயினுக்குள்ள இருந்து கூப்பிடுங்கம்மா. கடைசியில அந்த ரெண்டு வரியச் சேத்துருங்க. இல்லைன்னா என்னைக்காவது யாராச்சும் இன்னொரு புரோகிராமுக்குள்ள இந்த ஃபைல இம்போர்ட் பண்ணா அம்புட்டும் ஓடிரும்" என்றாய். நான் என்ன சொன்னேன்? "யாருடா இம்போர்ட் பண்ணப் போறா? இருக்கிறது நான் ஒருத்தி. மெயின் மெயின்னு தொண்ட கிழியக் கத்துனவகிட்டயே நீ மெயினப் பத்திப் பாடம் எடுக்குறியா? போடா, போய் வேலையப் பாரு." நீ சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். உன் சுபாவம் அது. யாராவது குரலை உயர்த்தினால் நீ சிரித்துக்கொண்டே பின்வாங்கிவிடுவாய். அதை நான் பல வருஷமாக வசதியாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறேன்.

பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டாயே, நினைவிருக்கிறதா? சிம்மக்கல் ஜெராக்ஸ் கடையில் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். நீ கேட்டது ஒரு தாள். நானோ அந்தத் தாளோடு சேர்த்து, உன் அப்பா உன் பெயரைப் பதிய மறந்த கதை, அதற்காக நான் ஆபீஸ் ஆபீஸாக அலைந்த கதை, நீ ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்ட கதை என்று எல்லாவற்றையும் அங்கேயே கொட்டினேன். கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உன் காது சிவந்துபோனது. என்னிடம் ஒன்றைக் கேட்டால் உள்ளே இருக்கிற அத்தனையும் ஓடும். அந்த ஃபைலையும் நான் என்னை மாதிரியே எழுதி வைத்திருந்தேன், வேறென்ன.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. லேபில் வகுப்பு இல்லாத மணி. பட்டியலில் ஒரே ஆள் இரண்டு மூன்று தடவை வருகிறாரே, நம்பரை ஒப்பிட்டுக் கழித்துவிடலாம் என்று புதிதாக ஒரு சின்ன ஃபைல் எழுத உட்கார்ந்தேன். நம்பரைச் சுத்தம் செய்ய உன்னுடைய ஃபங்ஷன்தான் இருக்கிறதே, அதை 'அழைப்பு'விலிருந்து இம்போர்ட் செய்தால் ஆயிற்று. சி மொழிக்காரி புத்தி, தம்பி. அங்கே மெயினுக்கு வெளியே இருக்கிற எதுவும் தானாக ஓடாது. இன்னொரு ஃபைலைச் சேர்த்தால் அதில் இருக்கிற ஃபங்ஷன்கள் நம் கைக்கு வரும், அவ்வளவுதான். இங்கேயும் அப்படித்தான் என்று ஒரு நொடிகூடச் சந்தேகப்படாமல் ஓட்டினேன். பைத்தான் ஒரு ஃபைலை இம்போர்ட் செய்யும்போது அதை முதல் வரியிலிருந்து கடைசி வரை ஓட்டிப் பார்த்துத்தான் உள்ளே எடுக்கும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. திரையில் 'அனுப்பப்பட்டது' என்று ஒரு வரி வந்தது. அடுத்து ஒன்று. நான் என்ன இது என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே மளமளவென்று பத்தொன்பது வரி. மேலே போன வாரம் நான் எழுதி வைத்த இரண்டு வரி அப்படியே இருந்தது. ஓ நெகட்டிவ், பிரசவ வார்டு, உடனே வரவும்.

உடனே 'தவறுதலாகப் போய்விட்டது, வர வேண்டாம்' என்று அனுப்பியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? இருபது நிமிஷம் யோசித்தேன். தப்பு என்று எப்படி எழுதுவது, இத்தனை வருஷ சர்வீஸில் இருக்கிறவள் இதைக்கூடப் பார்க்கவில்லையா என்பார்களே என்று. அதற்குள் வண்டியை எடுத்தவர்கள் எடுத்துவிட்டார்கள். நாலு பேர் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார்கள். உசிலம்பட்டி முத்துப்பாண்டி, டிராக்டர் பட்டறை வைத்திருக்கிறவர், பிரித்துப் போட்ட இன்ஜினை அப்படியே விட்டுவிட்டு பைக்கில் வந்திருக்கிறார். வண்டியூர் டிரில் வாத்தியார் பள்ளிக்கூடத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். உள்ளே கேட்டால் அப்படி ஒரு நோயாளியே இல்லை, போன வாரமே வீட்டுக்குப் போயாச்சு என்கிறார்கள். ரத்தம் கொடுப்பவர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் கோபமாகச் செய்திகள் வர ஆரம்பித்தன. அப்போதுதான் நான் அந்த வரியை எழுதினேன். "என் மகன் எழுதிக் கொடுத்த புரோகிராமில் ஏதோ கோளாறு. எல்லாரும் மன்னிக்கவும்."

நீ எழுதிக் கொடுத்தது ஒரு ஃபங்ஷன். அன்றைக்கு அந்தக் கூத்தில் ஒழுங்காக வேலை செய்தது அது ஒன்றுதான்.

சாப்பிட உட்கார்ந்தபோது உன் அப்பா கேட்டார். "ஏம்மா, அவன் பேரச் சொல்லிட்டயே, அவன்கிட்ட சொன்னியா?" நான் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டேன். மறுநாள் டிரில் வாத்தியார் என்னை பஸ் ஸ்டாப்பில் பார்த்து, "ஒங்க பையனுக்கே போன் போட்டு நல்லா குடுத்தேம்மா. ஆனா தங்கமான பையன். 'என் தப்புத்தான் சார், மன்னிச்சுக்கங்க, இனிமே நடக்காது'ன்னு ஒடனே ஒத்துக்கிட்டான். இந்தக் காலத்துல யாரு ஒத்துக்கிறா" என்றார். நான் 'ஆமா சார்' என்றேன். அந்த 'ஆமா சார்' இன்னும் என் நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று சாயங்காலம் ஒரு ஃபைல் மட்டும் வந்தது. கூடவே, "அம்மா, இனிமே இத யூஸ் பண்ணுங்க."

திறந்து பார்த்தேன். பட்டியலை எடுக்க ஒரு ஃபங்ஷன், வகையைப் பொறுக்க ஒன்று, நம்பருக்கு ஒன்று, அனுப்ப ஒன்று. எதுவும் தானாக எதையும் செய்யவில்லை, கூப்பிட்டால்தான் வரும். எல்லாவற்றையும் வரிசையாகக் கூப்பிடுகிற மெயின் ஒன்று. ரத்த வகையும் ஆஸ்பத்திரியும் ஃபைலின் தலையில் பழசாகக் கிடக்காமல், ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்டு வாங்குகிற மாதிரி அந்த மெயினுக்குள்ளேயே வைத்திருந்தாய். அனுப்புவதற்கு முன்னால் 'பத்தொன்பது பேருக்குப் போகும், அனுப்பலாமா' என்று நின்று கேட்கும். கடைசியில் அந்த இரண்டு வரி.

if __name__ == "__main__":
    main()

இந்த ஃபைலையே நேரடியாக ஓட்டினால் மட்டும் மெயினைக் கூப்பிடு. வேறு யாரோ ஏதோ ஒன்றுக்காக இதை எடுத்துப் போனால், அவர்கள் கேட்டதைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிரு. அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். இரண்டே வரி. நீ போனில் சொன்ன அன்றைக்கே இதைச் சேர்க்க எனக்கு அரை நிமிஷம் ஆகியிருக்காது.

புரோகிராம் திருந்திவிட்டது. நான் திருந்தவில்லை. சரியாக ஒன்பதாம் நாள், முற்பகல் பதினொன்று இருபதுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். திருமங்கலத்துப் பெண், இருபத்து மூன்று வயது, முதல் பிரசவம். பெண் குழந்தை பிறந்துவிட்டது, ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். இருப்பில் இருந்த இரண்டு யூனிட்டையும் ஏற்றியாகிவிட்டது, இன்னும் நாலு வேண்டும். அவளை ராஜி என்று வைத்துக்கொள், புருஷனைச் செல்வம் என்று. நான் உன் ஃபைலை ஓட்டினேன். அது கேட்டது, நான் 'ஆம்' என்று அடித்தேன், பத்தொன்பது பேருக்கும் போனது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பதினொன்று ஐம்பதாயிற்று, பன்னிரண்டாயிற்று. ஒருத்தர்கூட வரவில்லை. ஒரு பதில் இல்லை. செல்வம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "வந்துருவாகள்லக்கா? வந்துருவாக" என்று அவனே கேட்டு அவனே சொல்லிக்கொண்டிருந்தான்.

அவனைக் கையெழுத்துப் போட உள்ளே கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். நான் ஒவ்வொரு நம்பராகப் போட்டேன். எடுக்கவில்லை, எடுக்கவில்லை, சுவிட்ச் ஆஃப். பன்னிரண்டேகாலுக்கு முத்துப்பாண்டி எடுத்தார். "என்னக்கா, ஒங்க மகன் மிஷினு மறுபடியும் கூப்புடுதா? போன தடவ இன்ஜினப் பிரிச்சுப் போட்டுட்டு வந்து வாசல்ல பேயாட்டம் நின்னேன். ஆளு இருக்கா இல்லையான்னு ஒரு தடவ நேர்ல பாத்துட்டுச் சொல்லுங்கக்கா, வாரேன்." "பாத்துட்டேன் தம்பி, அந்த வார்டு வாசல்லதான் நிக்கிறேன்." "போன தடவையும் வார்டுன்னுதான் வந்துச்சு." அவர் வைக்கப் போகிறார் என்று தெரிந்தது. எனக்கு வேறு வழியே இல்லை. "முத்துப்பாண்டி, அது என் மகன் இல்ல. அவன் எழுதவே இல்ல. நான் எழுதுனது, நான் ஓட்டுனது. அவன் வேணாம் வேணாம்னு சொல்லியும் கேக்காம நான்தான் பண்ணேன். அவன் மேல பழியப் போட்டுட்டேன். இப்ப நான் பொய் சொல்லல. பிள்ள பெத்தவ சாகக் கெடக்கா, வாப்பா" என்று அந்த வராந்தாவில் எல்லாரும் பார்க்க அழுதுவிட்டேன்.

"நீங்க போன் பண்ணா ஒரு பயலும் எடுக்க மாட்டான். நான் போடுறேன். இதோ கெளம்பிட்டேன்" என்றார். அவர் கூப்பிட்டு டிரில் வாத்தியார் ஒன்று பத்துக்கு வந்தார். முத்துப்பாண்டி ஒன்று நாற்பதுக்கு, சட்டையெல்லாம் கிரீஸோடு. அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். ராஜி பிழைத்துக்கொண்டாள். ஆனால் அதற்கு முன்பே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். "ரத்தம் கையில் இருந்திருந்தா இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாத்திருப்போம்மா, இல்லாதப்ப ரிஸ்க் எடுக்க முடியாது" என்று டாக்டரம்மா என்னிடம் சொன்னார். என்னிடம் மட்டும்தான் சொன்னார். செல்வம் என் காலில் விழுந்து கும்பிட்டான், தம்பி. நீங்கதான்க்கா காப்பாத்துனீங்க என்று. நான் அவனைத் தூக்கி நிறுத்தினேன், உண்மையைச் சொல்லவில்லை. அவனும் நம் குழுவில் சேர்ந்துவிட்டான். மாதா மாதம் குழந்தை படம் அனுப்புகிறான். ஒவ்வொரு படத்துக்கும் நான் பூ அனுப்புகிறேன்.

நேற்று பத்திரிகையை வாங்கிக்கொண்டு முத்துப்பாண்டி கேட்டார். "கல்யாணத்துக்கு எல்லாரும் வர்றோம்க்கா. நம்ம பயலுக மாப்ளைய சும்மா விட மாட்டாங்க. மிஷின் மாப்ளன்னுதான் பேச்சே. நான் யாருகிட்டயும் வாயத் தொறக்கல. இப்ப என்ன சொல்லட்டும்?" திட்டவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. உண்மையாகவே என்ன சொல்வது என்றுதான் கேட்டார். மணமேடையில் உன்னை அவர்கள் கிண்டல் செய்வதையும், புதுப் பெண் பக்கத்தில் நீ சிரித்துக்கொண்டே 'ஆமாண்ணே, என் தப்புத்தான்' என்பதையும் நான் கண்ணால் பார்த்தது போல் இருந்தது. பஸ்ஸில் வரும்போது முடிவு செய்தேன். இன்று காலை பத்து மணிக்குக் குழுவில் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். அந்தச் செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது, யார் செய்தது, ஏன் உன் பெயரைச் சொன்னேன், அதன் பிறகு வந்த அவசரத்துக்கு ஏன் யாரும் வரவில்லை என்பது வரை. டிரில் வாத்தியார் குழுவை விட்டு வெளியேறிவிட்டார். இரண்டு பேர் 'பரவாயில்லைக்கா' என்றார்கள். மற்றவர்கள் படித்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள்.

கல்யாணத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான். அந்தப் பெண் உன்னிடம் ஒன்றைக் கேட்டால் அதற்கு மட்டும் பதில் சொல். பழைய கணக்கு, என்னிடமிருந்து தொற்றிய கோபம் எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிடாதே. உன்னை ஒருவர் திட்டினால் சிரித்துப் பின்வாங்காதே. செய்யாததைச் செய்தேன் என்று ஒத்துக்கொள்ளாதே, அது நானாகவே இருந்தாலும். உன் மௌனத்தால் எனக்கு நல்லது செய்ததாக நினைத்திருப்பாய். இல்லை. அன்றைக்கே நீ 'ஏம்மா பொய் சொன்னீங்க' என்று ஒரு சண்டை போட்டிருந்தால், ஒன்பது நாள் இருந்தது, நான் திருத்தியிருக்கலாம். இது உன் மேல் குற்றம் இல்லை. இல்லை என்று எழுதிவிட்டுத் திரும்பப் படித்தால் குற்றம் சொல்வது போலத்தான் இருக்கிறது. என் வாயே அப்படி. பொறுத்துக்கொள்.

இன்று பதினொன்றரைக்குச் செல்வம் எனக்குத் தனியாக ஒரு கேள்வி அனுப்பினான். "அக்கா, அன்னைக்கு ரத்தம் லேட்டானது இதனாலதானா?" நான் பெரிதாக எழுதினேன். டாக்டர் என்ன சொன்னார், ரத்தம் முன்பே வந்திருந்தாலும் என்ன ஆகியிருக்குமோ தெரியாது என்று. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, 'ஆமா தம்பி' என்று மட்டும் அனுப்பினேன். அவன் பார்த்துவிட்டான். இரண்டு மணி நேரம் பதில் இல்லை. இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் வந்தது. "அவளுக்கு நான் சொல்ல மாட்டேன். நீங்களே வந்து சொல்லுங்க."

சேலை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதை அனுப்பிவிட்டுத் திருமங்கலம் பஸ் ஏறப் போகிறேன். உன் அப்பா நானும் வாரேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். இதைப் படித்ததும் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். அவன் நம்பரைத் தேடி எடுத்து, 'எங்கம்மாவ மன்னிச்சிருங்கண்ணே' என்பாய். செய்யாதே. ராஜி என்னைக் காறித் துப்பினாலும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாலும், அந்த வாசலில் நான் நிற்க வேண்டும். எனக்காக நீ ஒரு தடவை மன்னிப்புக் கேட்டாயிற்று, தம்பி. அது போதும்.

அம்மா